‘டேபிள் ஃபார் சிக்ஸ்’: ஹாங்காங் ஏன் அப்படிச் சிரித்தது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலேசியாவின் ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாமானில் பக்கத்து வீட்டில் ஒரு சீன ஆன்டி இருக்கிறார். பல வருஷப் பழக்கம். தீபாவளிக்கு முறுக்கு அங்கே போகும், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு இங்கே வரும். சமீபத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்து ‘டேபிள் ஃபார் சிக்ஸ்’ என்ற ஹாங்காங் படம் பார்த்தோம். எனக்குச் சந்தைக் கான்டனீஸ் வரும், ஹாங்காங்கில் பேசும் சீன மொழி அது. மீன்காரரிடம் பேரம் பேசுவேன், கோப்பிக் கடையில் சண்டை வந்தால் யார் பக்கம் நியாயம் என்று புரிந்துகொள்வேன். அதை நம்பித்தான் உட்கார்ந்தேன்.

ஆன்டி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ரிமோட்டை எடுத்துப் பின்னால் தள்ளித் திரும்பவும் பார்த்துச் சிரித்தார். எனக்கு அங்கங்கே சிரிப்பு வந்தது, ஒரு இடத்தில் தொண்டை அடைத்தது. ஆனாலும் அவர் சிரித்த பல இடங்களில் நான் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். கூட இருந்த என் மகன், “ஆறு பேர் சாப்பிட்டுக்கிட்டே கத்துறாங்க, இதில என்ன இருக்கு?” என்று எழுந்து போய்விட்டான். நான் கேட்டதற்கு ஆன்டி, “இது எங்க ஆளுங்க படம், உனக்கு வராது” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் கொஞ்சம் சுருக்கென்றது.

அந்தப் படம் ஹாங்காங்கில் வசூலை அள்ளியதாகப் படித்தேன். அப்படி என்ன இருக்கிறது அதில்? ஊர்க்காரராக இருந்தால்தான் ரசிக்க முடியும் என்றால் அது படத்தின் குறைதானே? கடைசியாக ஒன்று. எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு ஹாங்காங் குடும்ப நகைச்சுவைப் படம் போடலாம் என்று பேச்சு. எதைப் போடலாம்?

அன்புடன்,
க., ஈப்போ

*

அன்புள்ள க.,

ஆன்டி சொன்னதில் பாதி உண்மை, பாதி பெருமை. அந்தப் பெருமைக்கும் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காக முதலில் கதை. 2022 செப்டம்பரில் வந்தது. எழுதி இயக்கியவர் சன்னி சான். 2018இல், டிராகன் படகுப் போட்டிக்குத் துடுப்பு பிடிக்கக் கிளம்பும் நடுவயது ஆண்களை வைத்து முதல் படம் எடுத்தவர். இதில் மூன்று அண்ணன் தம்பிகள். அப்பா அம்மா உயிரோடு இல்லை. அவர்கள் விட்டுப்போன பழைய சார் சியூ பட்டறையையே வீடாக்கிக்கொண்டு மூவரும் ஒன்றாக இருக்கிறார்கள். ஒருநாள் இரண்டாமவன் தன் காதலியைச் சாப்பாட்டுக்கு அழைத்து வருகிறான். வந்து நிற்பவள் அண்ணனின் பழைய காதலி. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அண்ணன், தன்மேல் ஆசைப்பட்டுச் சுற்றும் ஒரு இளம்பெண்ணைத் தன் காதலியாக நடிக்க வைக்கிறான். கடைசித் தம்பிக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள், கல்யாணப் பேச்சுக்காகக் காத்துக் காத்துச் சலித்தவள். ஆக மேசைக்கு ஆறு பேர். உங்கள் மகன் சொன்னதும் இதைத்தான். அவன் கதைச் சுருக்கத்தில் தப்பே இல்லை.

சார் சியூவிலிருந்து தொடங்கலாம். ஈப்போக்காரரான உங்களுக்குத் தெரியும், நம் ஊர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பன்றி இறைச்சியை நீளநீளத் துண்டாக அரிந்து, சோயா, தேன், மால்ட் பாகு எல்லாம் புரட்டி ஊறவைத்து, கொக்கியில் தொங்கவிட்டு வாட்டுவது. ஓரம் கருகிச் சிவப்பாக இருக்கும். ஹாங்காங்கில் தெருவுக்குத் தெரு இந்தக் கடைகள் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் வாத்தும் கோழியும் இறைச்சிப் பட்டைகளும் வரிசையாகத் தொங்கும். அடியில் ஒரு வட்ட மரக்கட்டை, கையில் பட்டைக்கத்தியோடு ஒருவர். கேட்ட அளவுக்குக் கொத்தி, சோற்றின் மேல் பரப்பி, குழம்பை ஊற்றித் தருவார். அலுவலகக்காரரின் மதியச் சாப்பாடும் அதுதான், கட்டட வேலைக்காரரின் சாப்பாடும் அதுதான்.

வீட்டுச் சமையலோடு அதற்கு இன்னொரு உறவும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் எதிர்பாராமல் ஒரு ஆள் வந்துவிட்டால், அல்லது வீட்டில் ஏதோ நல்ல சேதி என்றால், யாராவது ஒருவர் கீழே இறங்கி ஓடிப்போய்ச் சார் சியூ கொத்தி வாங்கி வருவார்கள். ஒரு தட்டு கூடிவிடும், வந்தவருக்கும் மரியாதை ஆயிற்று. இப்போது படத்துக்குத் திரும்புங்கள். ஊரார் வீட்டுக்கெல்லாம் அந்தக் கூடுதல் தட்டைத் தயாரித்துக் கொடுத்த பட்டறை. அதை நடத்தியவர்கள் போய்விட்டார்கள். பிள்ளைகள் மூவரும் அதற்குள் படுத்து எழுந்து, வேறு ஏதேதோ வேலை பார்க்கிறார்கள். இதையெல்லாம் படம் விளக்குவதில்லை, விளக்கத் தேவையும் இல்லை. அந்த ஊர்க்காரருக்கு வீட்டைக் காட்டினாலே போதும், கதையில் கால்வாசி முடிந்துவிடும்.

அந்த வீட்டைப் பார்த்து அவர்கள் பெருமூச்சும் விட்டிருப்பார்கள். 2021 கணக்கெடுப்பின்படி ஹாங்காங்கில் பாதிக் குடும்பங்கள் 40 சதுர மீட்டருக்கு உட்பட்ட இடத்தில் வாழ்கின்றன. நம் கணக்கில் 430 சதுர அடி. ஒரு வீட்டைப் பலகை வைத்துத் துண்டுதுண்டாகத் தடுத்து வாடகைக்கு விடும் அறைகளில் மட்டுமே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். பல வீடுகளில் சாப்பாட்டு மேசை என்பது மடக்கு மேசை. சாப்பிடும் நேரத்தில் விரித்து, முடிந்ததும் மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட வேண்டியதுதான், இல்லாவிட்டால் நடக்க வழி இருக்காது. அப்படிப்பட்ட ஊரில், ஆறு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்காரும் ஒரு மேசை என்பது கனவுக் காட்சி. நம் ஊர்ப் படத்தில் வெளிநாட்டுப் பாட்டு வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது ஏறிப்போன பிள்ளைகள் ஏன் இன்னும் சேர்ந்து இருக்கிறார்கள் என்ற கேள்வி உங்கள் மகனுக்கு வந்திருக்கும். ஹாங்காங்கில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். வாடகை அப்படி.

அடுத்தது முகங்கள். ஆன்டி ரிமோட்டைப் பின்னால் தள்ளியதற்கு இதுதான் காரணம் என்று என் ஊகம்.

அண்ணனாக வரும் டேயோ வோங்கை நீங்களும் நானும் பார்த்தால் களைத்துப்போன ஒரு நடுவயது ஆள். ஹாங்காங்காரருக்கு அவர் குரல் முப்பது வருஷமாக வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் குரல். கனடாவில் தத்துவம் படித்துவிட்டு வந்தவர். 1990இல் தனியாக மேடையில் நின்று பேசிச் சிரிக்கவைக்கத் தொடங்கினார். கான்டனீஸில் ஸ்டாண்ட்-அப் என்ற ஒன்றையே நிலைநிறுத்தியவர் அவர்தான். 2018இல் ஹாங்காங் கொலிசியம் என்ற பெரிய அரங்கில் வரிசையாக 26 நிகழ்ச்சிகள் நடத்தி, மேடைக்கு விடை சொன்னார். இடையில் சினிமாவில் பல காலம் அவருக்குக் கிடைத்த பட்டம் ‘வசூல் விஷம்’. அவர் நடித்தால் படம் படுத்துவிடும் என்று ஊரே கேலி பேசியது, அவரும் சேர்ந்து பேசினார். அவர் வசனம் ஒரு வாக்கியத்தில் கிளம்பி, பாதியில் நின்று, விழுங்கி, சம்பந்தமில்லாத ஒரு பக்கம் திரும்பி முடியும். அந்தத் திருப்பத்துக்காகக் காத்திருக்கப் பழகியவர்கள் அவர் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். சப்டைட்டில் நமக்கு வாக்கியத்தை முழுசாகக் கொடுத்துவிடுகிறது. அவர் விழுங்கியது அதில் இல்லை.

மற்றவர்களும் அப்படித்தான். பழைய காதலியாக வரும் ஸ்டெஃபி டாங் 2002இல் ‘குக்கீஸ்’ என்ற பெண்கள் பாட்டுக் குழுவில் வந்தவர். அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளைகள் அவர் நடித்த காதல் படங்களோடு வளர்ந்தார்கள், இப்போது அவர்களுக்கே பிள்ளைகள். கடைசித் தம்பியின் காதலியாக வரும் ஐவானா வோங் பாட்டு எழுதி இசையமைத்துப் பாடுபவர். திரைக்கு வந்த கையோடு 2015இல் ஒரே படத்துக்குச் சிறந்த துணை நடிகை, சிறந்த புதுமுகம் என்று இரண்டு ஹாங்காங் திரை விருதுகளையும் தட்டிக்கொண்டு போனார். இரண்டாமவன் லூயிஸ் சுங் பாடகரும்கூட. கடைசித் தம்பி பீட்டர் சான் நாடக மேடையிலிருந்து வந்தவர். ஆறாவது ஆள் லின் மின்-சென், இணையத்தில் பெயர் வாங்கிய உங்கள் மலேசியாக்காரர். ஆன்டி அதைச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார்.

ஆக அந்த மேசையில் மேடைப் பேச்சு, பாட்டுக் குழு, நாடகம், இணையம் என்று ஊரின் பல பக்கங்களிலிருந்து தெரிந்த முகங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பார்ப்பவருக்கு அவர்கள் எல்லோரும் படம் தொடங்கும் முன்பே உறவுக்காரர்கள். கதைக்குள் இருக்கும் குடும்பத்துக்கு வெளியே இப்படி இன்னொரு குடும்பம் இருக்கிறது. சிரிப்பில் பாதி அங்கிருந்து வருகிறது. உங்களுக்கு வராமல் போனது அந்தப் பாதி. கான்டனீஸ் தெரியாததால் மட்டும் வந்த வினை இல்லை அது.

இந்த முறை புதிதும் அல்ல. 1972இல் ஹாங்காங்கில் ஒரு கான்டனீஸ் படம்கூட வரவில்லை. ஊர் பேசுவது கான்டனீஸ், தியேட்டரில் ஓடுவது சீனாவின் பொது மொழியான மாண்டரினில் வாள்சண்டையும் குங்ஃபூவும். மறு வருஷம் ஷா பிரதர்ஸ் நிறுவனத்துக்காகச் சோர் யூயென் என்ற இயக்குநர், ஒரே கட்டடத்தில் நெருக்கியடித்து வாழும் குடித்தனக்காரர்களையும் அவர்களைப் பிழியும் வீட்டுக்காரியையும் வைத்து ‘தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்’ எடுத்தார். தொலைக்காட்சியில் தினமும் ஊர் பார்த்துக்கொண்டிருந்த நடிகர்களைக் கூட்டமாக அள்ளிப் போட்டார். வசூல் 50 லட்சம் ஹாங்காங் டாலரைத் தாண்டியது. அதே 1973இல் வந்த புரூஸ் லீயின் ‘என்டர் தி டிராகன்’ ஹாங்காங்கில் அதற்குப் பின்னால்தான் நின்றது.

அதில் ஒரு காட்சி. தீப்பிடித்து எரிகிறது. தீயணைப்புக்காரர்கள் குழாயோடு வந்து நிற்கிறார்கள். காசு வைத்தால் தண்ணீர் வரும், இல்லையென்றால் கிளம்பிப் போய்விடுவோம் என்கிறார்கள். வெளியூர்க்காரருக்கு இது மிகையான கோமாளித்தனம். ஆனால் அந்த வருஷம் ஜூனில்தான் பீட்டர் காட்பர் என்ற பெரிய போலீஸ் அதிகாரி, வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்ததாக விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ஹாங்காங்கிலிருந்து நழுவி இங்கிலாந்துக்குப் பறந்திருந்தார். ஊர் கொதித்துப்போயிருந்தது. 1974 பிப்ரவரியில் ஊழல் தடுப்பு ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று. தியேட்டரில் அந்தக் காட்சிக்குச் சிரித்தவர்கள் நேற்றைய செய்தித்தாளுக்குச் சிரித்தார்கள், தங்கள் சட்டைப்பைக்குள்ளிருந்து போன காசுக்குச் சிரித்தார்கள்.

அப்புறம் 1992. சீனப் புத்தாண்டுக்குக் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போவது அங்கே வழக்கம். அதற்கென்றே நட்சத்திரக் கூட்டத்தோடு, கல்யாணம் காசு சிரிப்பு எல்லாம் கலந்து படம் எடுப்பார்கள். அந்த வகையில் உச்சம் என்று ஊர் இன்றைக்கும் சொல்வது கிளிஃப்டன் கோ இயக்கிய ‘ஆல்ஸ் வெல், எண்ட்ஸ் வெல்’. ஸ்டீஃபன் சோ, லெஸ்லி சுங், மேகி சுங், சாண்ட்ரா இங் எல்லோரும் ஒரே வீட்டில். கிட்டத்தட்ட 4.9 கோடி ஹாங்காங் டாலர் வசூல். அங்கேயும் மூன்று அண்ணன் தம்பிகள்தான்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1992 வீட்டில் அப்பா அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வேடங்களுக்குப் பழைய கான்டனீஸ் இசைநாடக மேடையிலிருந்து வந்த குவான் ஹோய்-சானையும் லீ ஹியூங்-கமையும் போட்டிருக்கிறார்கள். மூத்த மருமகள் தலை வாரக்கூட நேரமில்லாமல் வீட்டு வேலை செய்துகொண்டிருக்க, புருஷன் சின்ன வீட்டைக் கூட்டி வந்துவிடுகிறான். இவள் வெளியேறுகிறாள். வந்தவளுக்கு வேலை செய்ய வரவில்லை. அப்போதுதான் பெரியவர்களுக்கு மருமகளின் அருமை தெரிகிறது. எவ்வளவு கூத்தடித்தாலும் கடைசியில் வீடு கூடிவிடும். கூட்டுவதற்கு ஆள் இருக்கிறார்கள், கல்யாணத்தை முடித்துவைக்கப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

2022 வீட்டில் அந்த இரண்டு நாற்காலிகள் இல்லை. “சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்” என்று அதட்ட யாரும் இல்லை. அண்ணனுக்கு அந்த வேலை தலைமேல் வந்து விழுந்திருக்கிறது. தம்பி அண்ணனின் பழைய காதலியோடு வந்து நின்றபிறகும், அண்ணன் மேசையைக் கவிழ்க்காமல், சோற்றைப் போட்டு உட்காரவைக்க வேண்டும். ஏனென்றால் அவன் எழுந்துபோய்விட்டால் அந்த வீட்டில் குடும்பம் என்று ஒன்று இருக்காது. என்னைக் கேட்டால் படத்தின் நகைச்சுவை முழுக்க இந்த ஒரு முடிச்சிலிருந்துதான் வருகிறது. கத்த வேண்டியவன் கத்த முடியாமல் “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ” என்கிற நிலைமை. உங்கள் தொண்டை அடைத்தது எந்த இடத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த முடிச்சின் பக்கத்தில்தான் எங்காவது இருக்கும் என்று நினைக்கிறேன்.

இது ஏன் 2022இல் அப்படித் தைத்தது? படம் உண்மையில் அந்த வருஷச் சீனப் புத்தாண்டுக்கு வரவேண்டியது. ஜனவரி 7ஆம் தேதி கோவிட் கட்டுப்பாட்டில் தியேட்டர்களை மூடினார்கள். அன்றிலிருந்தே மாலை 6 மணிக்குமேல் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் தடை. பிப்ரவரிக் கடைசியில் பகலிலும் மேசைக்கு இரண்டு பேர்தான் என்று ஆணை வந்தது. ஆறு பேர் ஒரு மேசையில் உட்காரும் படம் பெட்டிக்குள் காத்திருக்க, வெளியே மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் சட்டமீறல். ஏப்ரல் பிற்பாதியில்தான் தியேட்டர் திறந்தது. படம் கடைசியில் நடு இலையுதிர்ப் பண்டிகையை ஒட்டி வந்தது. அதுவும் குடும்பம் கூடிச் சாப்பிடுகிற நாள்தான், நிலாக் கேக் வெட்டுகிற நாள்.

கூடவே இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. 2021 ஜனவரிக் கடைசியில் பிரிட்டன், பழைய காலனிக் கடவுச்சீட்டுக்கு உரிமையுள்ள ஹாங்காங்காரர்களுக்குக் குடியேறும் வழியைத் திறந்துவிட்டது. படம் வருவதற்குள் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் ஒரு சித்தப்பா, ஒரு கூட்டாளி, ஒரு வகுப்புத்தோழி விமானம் ஏறியிருப்பார். படத்தில் இதைப் பற்றி வெளிப்படையான பேச்சு கிடையாது. ஆனால் மூன்று பேரில் யார் வீட்டைவிட்டுப் போவது, யார் இருப்பது, போனால் இது குடும்பமா என்று ஒரு படம் கேட்கும்போது, தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைச் சார் சியூ வீட்டுக் கேள்வியாக மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள். வசூல் 7.7 கோடி ஹாங்காங் டாலர். ஊரின் மக்கள்தொகை முக்கால் கோடிக்கும் கொஞ்சம் குறைவு. டிக்கெட்டுக்கு எண்பது, நூறு டாலர் என்று போட்டால்கூட எட்டு, ஒன்பது லட்சம் பேர் போயிருக்க வேண்டும். ஊரில் எட்டுக்கு ஒருவர்.

இப்போது ஆன்டியின் பெருமைக்கு வருகிறேன். 1990களின் தொடக்கத்தில் ஹாங்காங் வருஷத்துக்கு இருநூறு படங்களுக்குமேல் எடுத்துத் தள்ளியது. தைவான், கொரியா, உங்கள் மலேசியா என்று எல்லா இடத்திலும் வாங்க ஆள் இருந்தார்கள். அது சரிந்து, 2003இல் சீனாவோடு ஒரு வர்த்தக ஒப்பந்தம் வந்த பிறகு, கூட்டுத் தயாரிப்பு என்ற பெயரில் பெரிய இயக்குநர்கள் வடக்கே போனார்கள். அந்தச் சந்தைக்கு மாண்டரின் வேண்டும், அந்தத் தணிக்கை வேண்டும், எல்லா மாகாணத்துக்கும் புரிகிற கதை வேண்டும். சண்டைப் படம் அதில் பிழைத்துக்கொண்டது, போலீஸ் படம் பிழைத்துக்கொண்டது. தெருப்பேச்சை நம்பி இருக்கும் நகைச்சுவைதான் அடிபட்டது. தமக்கென்று மட்டுமே எடுத்த ஒரு படத்தை, தம் வீட்டுப் பேச்சிலேயே பார்க்கும்போது ஒரு தெம்பு வரும் இல்லையா? ஈப்போவில் கான்டனீஸ் பேசி வளர்ந்த ஒரு பெண்மணிக்கு அதில் பங்கு இருக்கத்தான் செய்யும். எல்லை தாண்டினால் சிங்கப்பூரில் 1979க்குப் பிறகு தொலைக்காட்சியிலிருந்து கான்டனீஸை அகற்றி, படங்களையும் பெரும்பாலும் மாண்டரினில் டப் செய்தே பல காலம் ஓட்டினார்கள். “எங்க ஆளுங்க படம்” என்ற சொல்லில் உங்களை வெளியே தள்ளும் நோக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. விட்டுப்போய்விடும் என்று நினைத்திருந்த ஒன்று கையில் வந்து கிடைத்த சந்தோஷம் அது. அடுத்த தடவை அவரிடம் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள், மணிக்கணக்கில் பேசுவார்.

சரி, ஊர்க்காரருக்கு மட்டும் புரிவது குறைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவில் புரியவேண்டும் என்று எடுத்த நகைச்சுவைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவதற்கு ஊர் வேண்டியதில்லை, வீடு வேண்டியதில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு நீங்கள் எனக்கு இவ்வளவு நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். இந்தப் படம் தன் ஊரைப் பார்த்துப் பேசுகிறது, நாம் பக்கத்தில் நின்று கேட்கிறோம். கேட்டதில் பாதி கிடைத்தாலும் அது முழுசான ஒரு வீட்டின் பாதி. உங்களுக்காவது சந்தைக் கான்டனீஸ் இருக்கிறது. நான் சப்டைட்டிலை மட்டும் நம்பிப் பார்த்தவன், எனக்குக் கிடைத்தது இன்னும் குறைவு.

குறை என்றால் அது வேறு இடத்தில் இருக்கிறது. பிற்பாதியில் ஆளாளுக்குத் தங்கள் மனசை எடுத்து மேசைமேல் வைத்து விளக்கம் சொல்கிறார்கள். சோற்றைப் பரிமாறிக்கொண்டே மறைத்ததுதான் அழகு, அதை இவர்களே அவிழ்த்துக் காட்டியிருக்க வேண்டாம். அந்த இளம்பெண் பாத்திரமும் ஒட்டவைத்தது. ஐவானா வோங்குக்குக் கொடுத்த அக்கறையில் கால்வாசி அதற்குக் கொடுத்திருக்கலாம். ஐவானா வரும் காட்சிகளில் மட்டும் படம் ஒரு படி மேலே போகிறது, கவனித்தீர்களா?

வாசகர் வட்டத்துக்கு நான் 1992 படத்தைத்தான் சொல்லியிருப்பேன், வேகத்தில் அதற்கு நிகர் இல்லை. ஒரு தயக்கம் உண்டு. நளினமாக நடக்கும் இரண்டாவது அண்ணனையும் ஆண்பிள்ளைபோல வண்டி ஓட்டித் திரியும் உறவுக்காரப் பெண்ணையும் வைத்துப் படம் முழுக்கக் கேலி செய்துவிட்டு, கடைசியில் இருவரையும் ‘சரிப்படுத்தி’ ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். லெஸ்லி சுங் அந்த வேடத்தை எவ்வளவு ரசித்துச் செய்திருக்கிறார் என்பது வேறு விஷயம். உங்கள் மகன் வயதுப் பிள்ளைகள் எழுந்து கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும் என்றால் போடுங்கள். இல்லையென்றால் ‘டேபிள் ஃபார் சிக்ஸ்’ஸையே போட்டுவிடலாம். 2024 புத்தாண்டுக்கு இரண்டாம் பாகம் ஒன்று வந்தது, கல்யாணங்களைச் சுற்றிய கதை. டேயோ வோங் அதில் இல்லை. முதல் படத்தின் வசூலையும் அது தொடவில்லை, அதைத் தேடி அலைய வேண்டாம். டேயோ வோங் என்ன ஆனார் என்றால், 2023இல் அவர் வக்கீலாக நடித்த படம் ஹாங்காங் படங்களிலேயே முதல்முதலாக உள்ளூரில் 10 கோடி டாலரைத் தாண்டியது. 2024இல் ஈமச்சடங்கு ஏற்பாடு செய்பவராக வந்த படம் 15 கோடியையும் தாண்டிவிட்டது. வசூல் விஷம்!

எந்தப் படமானாலும் சாப்பாட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். நடுவில் யாருக்கும் பசி தாங்காது. ஆன்டியைக் கட்டாயம் கூப்பிடுங்கள், ஆனால் ரிமோட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

அன்புடன்.